நடிகர் கதை சொல்லி அரிசி விற்கிறார்கள், ரூ. 4,860 போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கருப்புக் கவுனியை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தது நாங்களாகத்தான் இருக்கும். கல்லுக்கட்டிக்கு நடந்து போனால் கடையில் கிடைக்கிற அரிசி. ரூ. 4,860.

விற்றவர்கள் பாரம்பரிய அரிசி, சிறுதானியம் என்று போனில் விளம்பரம் ஓட்டும் ஒரு ஆன்லைன் கடை. அரிசியைப் பற்றிப் பேசியிருந்தால் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வீடியோவில் ஓடியது பழைய பாட்டு நடிகர் டி.ஆர்.மகாலிங்கம் கதை. சோழவந்தான் பக்கம் தென்கரையில் பிறந்தது, சிறுவயதில் நாடகக் கம்பெனி, 1945இல் ஸ்ரீவள்ளி, அப்புறம் நம் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவிஎம் கொட்டகை போட்டு எடுத்த நாம் இருவர். சொந்தப் படம் எடுத்து நொடித்தது, 1958இல் நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் மாலையிட்ட மங்கையில் மறுபடி தூக்கிவிட்டது, 1965இல் திருவிளையாடல் பாணபத்திரர் என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னார்கள். கடைசியில்தான் அந்த வரி: ‘அந்தக் குரலுக்கும் நீண்ட ஆயுளுக்கும் காரணம் தினம் ஒரு கிண்ணம் கவுனிக் கஞ்சி.’ அவர் 1924இல் பிறந்து 1978இல் போய்விட்டவர். நீண்ட ஆயுளாம்! இந்தக் கழித்தல் கணக்கு எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, சின்னப் பையனாக ரஸ்தாவுக்கு ஷூட்டிங் பார்க்கப் போனவர். அந்தக் கதையை அப்பச்சி போனில் அந்தக் கடைக்காரனிடம் சொல்லியிருக்கிறார். இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்டான். நடுவில் நான் "அப்பச்சி, காப்பி ஆறுது" என்றது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், அதிலிருந்து அவனும் "நாங்களும் அந்தப் பக்கந்தான் அப்பச்சி" என்று ஆரம்பித்துவிட்டான். சுகர் இறங்கும், மாத்திரையைக் குறைக்கலாம் என்றும் அளந்தான். பத்துக் கிலோ அரிசி, மூன்று கிலோ கஞ்சி மாவு. ஜிபேயில் பணம் போட்டது நான்தான்.

கவுனி சாயம் விடும், அது எங்களுக்குத் தெரியாததா? ஊறவைத்த தண்ணீர் நாவல்பழ நிறத்தில் நிற்கும், அரிசி கருப்பாகவே இருக்கும். இது மூன்றாவது கழுவலில் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. ஆத்தாவின் (அம்மாவின்) உள்ளங்கையில் மட்டும் கருப்பு, சோப்புப் போட்டும் போகவில்லை. ராத்திரி முழுக்க ஊறினாலும் வேக அடம்பிடிக்கிற அரிசி அது. இது இரண்டு விசிலில் குழைந்தது. "கல்யாணத்துல கவுனி கிண்டின கைக்கு இதக் கொண்டாந்து குடுக்குறீகளே" என்று ஆத்தா கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

போன் செய்தால் முதல் நாள் "அது இயற்கை நிறம் சார், கழுவாதீங்க, சத்துப் போயிடும்" என்றார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண், "வீடியோ அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். "பாக்கெட் பிரிச்சா ரிட்டர்ன் இல்லையே சார்." பிரிக்காமல் எப்படியம்மா கழுவுவது? மூன்றாம் நாள் அப்பச்சியே பேசினார். "எந்த அப்பச்சி?" என்று கேட்டிருக்கிறான். அவர் போனை மெதுவாக மேசைமேல் வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு 4,860 ரூபாயைவிட அது சுட்டது. நேற்றிலிருந்து எங்கள் இரண்டு நம்பரும் பிளாக்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பையில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இருக்கிறதா பாருங்கள், எங்கள் பையில் இல்லை. முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்குங்கள். கவுனியும் அரிசிதான், அதை நம்பிச் சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆன்லைன் மோசடியில் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பொருள் புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

1930க்குக் காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், லைன் கிடைக்கவில்லை. ஒன்பது கிலோ சாய அரிசி வீட்டு வளவில் கிடக்கிறது. ரூ. 4,860.