தடித்த நூல் கௌல்கள்: நான்கு வருடம் கழுத்தில் போட்ட பிறகு

டொரொண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததுமே, வசந்தம் வந்துவிட்டதாக எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். நான் அன்றைக்குத்தான் 9 மில்லிமீட்டர் பின்னல் ஊசியைத் தேடி எடுப்பேன். "வெயில் வந்துருச்சுன்னு நீதான சொன்ன, இன்னும் என்ன கம்பளி?" என்று கோவையிலிருந்து அம்மா கேட்பார். 2018 ஏப்ரல் நடுவில் உறைமழை கொட்டி நடைபாதையெல்லாம் கண்ணாடியாகிப் போனதைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

கௌல் என்பது முனையில்லாத மஃப்ளர், தலைவழியே மாட்டிக்கொள்ளும் வளையம். ஜனவரிக்கு நீள மஃப்ளர்தான் சரி. ஏப்ரலில் காலையில் நடுங்குவோம், மதியம் கோட்டைத் திறந்துவிடுவோம். அப்போது ஒரே இழுப்பில் கழற்றிப் பையில் திணிக்க முடிகிற இந்த வளையம்தான் தோது. அதோடு, தை மாதத்தில் ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினால் முடிவதற்குள் செர்ரி பூத்துவிடும். கௌல் இரண்டே மாலையில் முடிந்துவிடும்.

நூல் உறையில் தடிமனைக் காட்ட 0 முதல் 7 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். நான் வாங்குவது 6. அக்ரிலிக்கில் கொஞ்சம் கம்பளி கலந்த 170 கிராம் உருண்டை, ஏறக்குறைய 97 மீட்டர் இருக்கும். 60 கண்ணி ஏற்றி, 60 சென்டிமீட்டர் வட்ட ஊசியில் (இரண்டு ஊசிமுனையை ஒரு கம்பி இணைத்திருக்கும்) இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று சுற்றிக்கொண்டே போனால், முப்பது சுற்று சொச்சத்தில் மூக்குவரை இழுத்துவிடும் உயரம் வந்துவிடும். கொஞ்சம் நூல் மிச்சமும் ஆகும். வெறும் நிட் மட்டும் போட்டால் ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

முதல் கௌலில் ஒரு கூத்து. ஏற்றிய கண்ணி வரிசை ஊசியில் ஒரு முறுக்கு முறுக்கிக் கிடந்ததைக் கவனிக்காமல் வட்டமாக இணைத்துவிட்டேன். ஆறு சுற்று போன பிறகுதான் தெரிந்தது. பிரிக்க மனசு வரவில்லை, அப்படியே முடித்துவிட்டேன். இப்போதெல்லாம் முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகப் பின்னி, அப்புறம் இணைக்கிறேன். வரிசை கொஞ்சம் அகலமானதும் முறுக்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கீழே விழும் சின்ன இடைவெளியை, கண்ணி ஏற்றும்போது மிஞ்சித் தொங்கும் வால் நூலால் தைத்துவிடலாம்.

சரி, எவ்வளவு நாள் உழைக்கிறது? கலப்பு நூலில் பின்னியதைக் குளிர்ந்த தண்ணீரில் மெஷினில் போட்டு, துண்டின்மேல் பரப்பிக் காயவைக்கிறேன். நான்கு வருடத்தில் தாடை உரசும் இடத்தில் மட்டும் பிசிறு உருண்டிருக்கிறது. ஒற்றை இழை மெரினோ கம்பளியில் ஒன்று பின்னினேன், கலப்பு நூலைப்போல மூன்று மடங்கு விலை. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் ஒரே குளிர்காலத்தில் உடம்பெல்லாம் பிசிறு. துவைத்ததும் பிரச்சினை இன்னும் பெரிதானது. அது மெஷினில் துவைக்கக்கூடிய வகை. மெஷினில் சுருங்காதிருக்க அந்த வகைக் கம்பளியின் செதில்களை மழுக்கிவிடுகிறார்கள். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியில்லாததால் நனைந்ததும் தொளதொளவென்று நீண்டுவிட்டது. இப்போது அது கழுத்தில் நிற்பதில்லை, தோளில் விழுந்து கிடக்கிறது. அந்தக் காசுக்கு இரண்டு மூன்று இழை முறுக்கிய நூலை வாங்கியிருக்கலாம்.

யாரும் எச்சரிக்காத ஒன்று, தேங்காயெண்ணெய். தலைமுடிப் பின்னல் படும் இடத்தில் எண்ணெய் ஊறி, வெளிர்நிறக் கௌலின் முதுகுப்பக்கம் பழுப்பேறிவிட்டது. துவைப்பதற்கு முன் அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்தால் பாதி போகும். அதனால் இனி அடர்நிறம்தான்.

கைக்கும் கொஞ்சம் பாடு உண்டு. தடித்த ஊசியைப் பிடித்துத் தொடர்ந்து ஒரு மணி நேரம் பின்னினால் மணிக்கட்டு வலிக்கிறது. வலி இருப்பவர்கள் இடையில் எழுந்து ஒரு டீ போட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் ஊசி கனம் குறைவு, ஆனால் கம்பியும் ஊசியும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் அங்கே ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு சுற்றுக்குச் சுற்று நூலைக் கிழித்தது. நெயில் பாலிஷ் தடவி ஒருமாதிரி சமாளித்தேன்.

அந்த முறுக்கிப்போன முதல் கௌலைத்தான் இந்த வாரமும் போட்டுக்கொண்டு போனேன். முறுக்கு இருப்பதால் முன்பக்கம் தானாக ஒரு மடிப்பு விழுந்து, காற்று புகாமல் அடைத்துக்கொள்கிறது. சப்வேயில் பக்கத்தில் இருந்த பெண்மணி, அந்த மடிப்பை எப்படிப் பின்னினீர்கள் என்று கேட்டார். வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிவிட்டேன்.