அம்மாபேட்டையில் ஒரு வீட்டுத் தையல் வகுப்பு: சேரலாமா?

ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள்கூடத் தைரியமாகச் சேரலாம், அவசரக்காரர்கள் மட்டும் வேண்டாம். நம் துணியை நாமே தைத்துப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கே போய்க் கற்பது என்று சேலத்தில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது தறிக்காரர்கள் இருக்கும் ஒரு தெருவில், வீட்டின் முன்கூடத்தில். போர்டு கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும். நாலைந்து கறுப்பு கால் மிஷின்கள், கட்டிங் போட ஒரு நீள மேஜை, சுவரில் அளவுப் படங்கள், அவ்வளவுதான். போய் உட்கார்ந்ததும் துணியைக் கொடுக்க மாட்டார்கள், நூல்கூடக் கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கொடுத்து, வெறும் ஊசியை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வார்கள். “கை அப்புறம் வரும் கண்ணு, முதல்ல கால் பழகட்டும்” என்பார் சொல்லித்தரும் அக்கா. மிஷின் சக்கரம் எப்போதும் நம் பக்கமாகத்தான் சுழல வேண்டும், மிதியில் அழுத்தம் தப்பினால் எதிர்ப்பக்கம் திரும்பி நூல் அறுந்துவிடும், அதனால் இந்தப் பயிற்சி ரொம்ப முக்கியம். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வரிசை எங்கே கோட்டைவிட்டு விலகுகிறது என்று பளிச்சென்று தெரியும், அங்கெல்லாம் கால் தடுமாறியிருக்கும். நேர்கோடு வந்ததும் வளைவு, அப்புறம் சதுரம். சதுரத்தின் மூலையில் ஊசியைத் தாளுக்குள்ளேயே நிறுத்தி, தாளை மேலேயிருந்து அழுத்திப் பிடிக்கும் மிஷினின் குட்டிக் காலைத் தூக்கித் தாளைத் திருப்ப வேண்டும். பின்னால் பட்டி வைக்கும்போதும் கழுத்து அடிக்கும்போதும் இந்த ஒன்றுதான் கைகொடுக்கிறது.

இதற்கு முன் நான் போன வேறொரு சென்டரில் முதல் வாரமே பிளவுஸ் கட்டிங் ஆரம்பித்தார்கள். போர்டில் எழுதிப் போட்ட அளவை நோட்டில் இறக்கினோம், யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, சர்டிஃபிகேட் மட்டும் உறுதியாகக் கிடைக்கும் என்றார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு இங்கே வந்ததால்தான் இந்த நிதானத்தின் அருமை தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது துணியைப் பற்றி அக்கா சொல்லித்தரும் விதம். பாவு (நீள நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எது என்பது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அதையே பாடமாக்கிவிடுகிறார். துணியைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார். பாவு ஓடும் நீளவாக்கில் அசையாது, ஊடைப் பக்கம் லேசாகக் கொடுக்கும், கிராஸாக, அதாவது மூலைவாக்கில் இழுத்தால் நன்றாக நீளும். பிளவுஸ் கழுத்துக்கு ஏன் கிராஸ் பீஸ் வெட்டுகிறோம், உடம்புப் பகுதியை ஏன் பாவு வாக்கில் போடுகிறோம் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

முதல் உருப்படி ஆறு பீஸ் உள்பாவாடை. கணக்கு எளிது: இடுப்பு 36 இன்ச் என்றால் ஆறால் வகுத்து 6, இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச் சேர்த்தால் ஒரு பீஸின் மேல் அகலம் 7. வெட்டிய பீஸில் ஒரு ஓரம் நேராக இருக்கும், இன்னொன்று சாய்வாக இருக்கும். சாய்வோடு சாய்வைச் சேர்த்தால் தையல் தொங்கி, கீழ்விளிம்பு ஏறி இறங்கும், நேர் ஓரத்தோடுதான் சேர்க்க வேண்டும். இதைத் தைத்து முடிப்பதற்குள் நீளத் தையல், நாடாப் பட்டி, கீழ் மடிப்பு மூன்றும் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் நைட்டி, சுடிதார், கடைசியில்தான் பிளவுஸ். அதற்கும் முதலில் செய்தித்தாளில் கட்டிங் போட்டுக் காட்ட வேண்டும்.

லைனிங் துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டு வராதவர்களை அன்றைக்கு வெட்ட விடமாட்டார். கெடுபிடியாகத் தெரியும், ஆனால் நியாயமானது. மேல்துணி பாலியஸ்டர், லைனிங் காட்டன் என்றால் முதல் சலவையில் உள்ளே இருப்பது மட்டும் சுருங்கி, மேலே சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

மிஷின் கோளாறையும் ஓரளவு சொல்லித்தருகிறார். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியைப் பார்க்க வேண்டும்: முனை மழுங்கியதா, தட்டைப் பக்கம் திசை மாறியிருக்கிறதா என்று. சாதாரணக் காட்டனுக்கு 14ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் மாதிரி கனத்ததற்கு 16. அடிநூல் உருளை உட்காரும் கூடான பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் லூஸ், அசையவே இல்லையென்றால் டைட், சின்ன ஸ்க்ரூவைத் துளி திருப்பினால் போதும்.

குறைகளும் இருக்கின்றன. நேர்த்தையல் மிஷின் மட்டும்தான், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக்கும் இல்லை, வளைந்து வளைந்து தைக்கும் ஜிக்ஜாக்கும் இல்லை, அதனால் டீஷர்ட், லெக்கின்ஸ் போல இழுபடும் துணி தைக்க இங்கே வழியில்லை. ஆண்களைச் சேர்ப்பதில்லை, இது எனக்கு வருத்தம், என் தம்பிக்கும் ஆசை இருந்தது. சாயங்காலம் கூட்டம் அதிகம், மிஷினுக்குக் காத்திருக்க வேண்டும், முடிந்தால் காலை நேரம் கேளுங்கள்.

கட்டணம் பரவாயில்லை, வெளியில் இரண்டு லைனிங் பிளவுஸுக்குக் கொடுக்கும் கூலியளவுதான் மாதத்துக்கு. பழகுவதற்குக் காடாத்துணியும் நூலும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம். கத்தரிக்கோல் மட்டும் நல்லதாக, துணிக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் தாள் வெட்டினால் கூர் போய்விடும். தீபாவளி நெருங்கும்போது சேராதீர்கள். அப்போது அக்காவுக்கு வெளித்தையல் குவிந்துவிடும். ஆடிப் பண்டிகை வாரத்திலோ வகுப்பே கிடையாது. பொங்கல் முடிந்ததும் போனால் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தருவார்.