ஆசெக் பயிற்சி: சிஸ்டர்கள் கையில் கணக்கும் கம்ப்யூட்டரும்

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு மடத்தார் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து நாடான லெசோத்தோவில் ஆசெக் பயிற்சி முடித்த ஒரு சிஸ்டர் கொஞ்ச காலம் இங்கே தங்கி உதவினார், அந்த வேலையைப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது.

ஆசெக் என்பது ஆப்பிரிக்கச் சிஸ்டர்களின் கல்விக்காக அமெரிக்காவில் உள்ள நான்கு துறவற சபைகள் 1999இல் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. அலுவலகம் பென்சில்வேனியாவில் ஸ்கிரான்டன் நகரத்து மேரிவுட் பல்கலைக்கழகத்தில். ஹில்டன் அறக்கட்டளையின் பணத்தில் 2007 முதல் தலைமைப் பயிற்சி நடக்கிறது: நிர்வாகம், நிதி, தொழில்நுட்பம். பட்டம் படிக்கத் தனித் திட்டம் உண்டு, நைரோபியில் இருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில்.

முன்பு இல்லத்து சிஸ்டர்களை இங்கேயே ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினோம். டைப்பிங், பவர்பாயிண்ட், ஒரு சான்றிதழ், அவ்வளவுதான், திரும்பி வந்தவர்கள் பழையபடி நோட்டில்தான் எழுதினார்கள். லெசோத்தோ சிஸ்டர் வந்ததும் முதலில் கேட்டது நன்கொடைக் கோப்பை. எந்தப் பணம் எதற்காக வந்தது, அதற்குத்தான் செலவானதா என்று எக்செலில் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் ரசீது எண் போட்டு, மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் இல்லத்து சிஸ்டர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து அவர்களையே செய்ய வைத்தார். கற்றதை மற்றவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அந்தப் பயிற்சியிலேயே ஒரு பகுதியாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஒருவர் மாற்றலாகிப் போனாலும் வேலை நிற்காது.

இந்தப் பயிற்சி ஏன் தேவை என்றால், பள்ளி முடித்து மடத்தில் சேர்ந்த பெண் சில வருடத்தில் ஒரு கிளினிக்கையே நடத்த வேண்டியிருக்கிறது, படிக்கவைக்கச் சபையிடம் காசு இருக்காது. மானியம் கொடுப்பவர்களோ ஒழுங்கான அறிக்கை இல்லாமல் மறுவருடம் தரமாட்டார்கள். இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வது நோயாளிகள்தான்.

இந்தப் பயிற்சியை விரிவாக்குகிறவர்கள் இணைய டேட்டா செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். தென்னாப்பிரிக்காவிலேயே டேட்டா விலை அதிகம் என்று 2019இல் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் சொன்னது, அப்படியிருக்க மலைக்கிராமத்து மடம் என்ன செய்யும்? பாடங்களை இறக்கி வைத்து இணையம் இல்லாமலும் படிக்க முடிய வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. டர்பனில் எந்தச் சபையாவது இதே மாதிரி வகுப்பு வைத்தால் சனிக்கிழமைகளில் எக்செல் சொல்லித்தர நான் வருகிறேன், காசு வேண்டாம்.