காடு திருத்த புல்டோசரா, மல்ச்சரா? இரண்டையும் இறக்கிப் பார்த்தவனின் கணக்கு

என் நிலத்தில் ஒரு ஏக்கரை முதலில் புல்டோசர் வைத்துத் திருத்தினேன். மூன்று வருடம் கழித்து, மிச்சமிருந்த இரண்டு ஏக்கருக்கு மல்ச்சர் வந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரே சரிவு, ஒரே மண், ஒரே சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும். நான் மல்ச்சர் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மல்ச்சர் என்பது கார்பைடு பற்கள் பதித்த ஒரு சுழல் உருளை. ஸ்கிட் ஸ்டீர் என்கிற சின்ன லோடர் வண்டியின் முன்னாலோ, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் கையின் நுனியிலோ மாட்டியிருக்கும். நிற்கிற மரத்தை மேலிருந்து கடித்துக்கொண்டே இறங்கித் தரைமட்டம் வரை தூளாக்கும். தூள் அங்கேயே மண்ணைப் போர்த்தும் மூடாக்காகப் படிந்துவிடும். அள்ள, குவிக்க, எரிக்க எதுவும் மிஞ்சாது. புல்டோசர் வேரோடு பெயர்த்து ஓரத்தில் தள்ளும். வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆள் வைத்து வெட்டுவது கிணற்றோரம், சுவரோரம் போன்ற சின்ன இடங்களுக்குச் சரி. ஆட்டை மேயவிட்டாலும் அது முற்றிய கட்டையை ஒன்றும் செய்யாது.

அப்புறம், வீடு கட்டவோ குளம் வெட்டவோ பாதை போடவோ போகிறீர்கள் என்றால் மல்ச்சர் பேச்சே வேண்டாம். வேர் மண்ணுக்குள் இருந்து மக்கினால் மேலே இருப்பது இறங்கும். உடனே உழுது விதைக்க வேண்டும் என்றாலும் வேரைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

மற்றபடி நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: மெஷின் போன பிறகு, இரண்டாவது வருடம் நிலம் எப்படி இருக்கிறது?

புல்டோசர் போன அன்று என் ஒரு ஏக்கர் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் பெருமழையில் சரிவெல்லாம் விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழுந்தது, கீழே தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. மேல்மண்ணில் பாதி அதற்கு முன்பே வேரோடு ஒட்டிக்கொண்டு ஓரக் குவியலுக்குப் போயிருந்தது. அதைவிட மோசம், கிளறிவிட்ட மண்ணில் பல வருடமாகத் தூங்கிய விதைகளுக்கெல்லாம் வெயிலும் ஈரமும் ஒன்றாகக் கிடைத்ததுதான். சீமைக் கருவேல விதையின் தோல் கெட்டி, வருடக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். அடுத்த வருடம் நிலம் முழுக்க நாற்றங்கால் போட்டது போலக் கன்றுகள். எதைப் பிடுங்குவது, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

மல்ச்சர் போட்ட இரண்டு ஏக்கரிலும் மீண்டும் முளைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. வேர் உயிரோடு இருக்கிறதே! சீமைக் கருவேலத்துக்குத் தரைக்குச் சற்றுக் கீழே மொட்டுகள் இருக்கும், தலையை எடுத்தால் அங்கிருந்து கொத்தாகத் துளிர்க்கும். ஆனால் அது அடிக்கட்டையில் மட்டும்தான் துளிர்த்தது. மூடாக்கு விரிந்த இடைவெளியில் விதை முளைப்பு மிகக் குறைவு. பழுப்பு விரிப்பின் மேல் பச்சைக் கொத்து எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். கடப்பாரையோடு போய் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மொட்டுப் பகுதியோடு கட்டையை எடுத்தோம். அந்த வருடம் மூன்று சுற்று, அடுத்த வருடம் ஒன்று. நிலம் முழுக்கத் தேடுவதற்கும், நிற்கிற இடம் தெரிந்து போவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதுகுதான் சொல்லும். களைக்கொல்லி தடவுவதாக இருந்தால் மல்ச்சர் விட்டுப்போன நார்நாரான கட்டையில் தடவிப் பயனில்லை. புதிதாக அறுத்து, அறுத்த கையோடு தடவ வேண்டும். நான் அந்த வழிக்குப் போகவில்லை.

மழைக்குப் பிறகு மூடாக்கைக் காலால் விலக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்த சிராய், அடியில் ஈரம், அதில் வெள்ளைப் பூஞ்சை நூல்கள், சுருண்டு கிடந்த மரவட்டை. சரிவில் ஒரு வாய்க்கால்கூட விழவில்லை.

ஆனால் அந்தத் தூளை உழுது மண்ணோடு கலந்துவிடாதீர்கள். மரத்தூளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை அதிகமில்லை. திட்டுத்திட்டாகக் கனமாகக் குவிந்த இடங்களைப் பரப்பிவிடுங்கள், கோடையில் தீப்பிடித்தால் புகைந்துகொண்டே இருக்கும். வீட்டை ஒட்டிய பகுதியில் வாரிவிடுவதே நல்லது.

வேலை நடக்கும்போது கிட்டே நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். 300 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள், கல்லும் கட்டையும் அவ்வளவு தூரம் பறக்கும். மெஷின் வரும் முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை. புதருக்குள் மறைந்திருந்த பழைய முள்வேலிக் கம்பி உருளையில் நூல்கண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டது. ஆபரேட்டர் குறடோடு கீழே படுத்து அரை நாள் வெட்டி எடுத்தார். வாடகை மணிக்கணக்கில் ஓடியது, குற்றம் என்னுடையதுதான்.

என்னிடம் இருந்தவை மணிக்கட்டு முதல் தொடை வரை பருமனுள்ள மரங்கள். அதற்கு மேல் பெருமரங்கள் நிறைந்த நிலத்துக்கு என் அனுபவம் ஒத்துவராமல் போகலாம். சாதாரண ஸ்கிட் ஸ்டீர் மல்ச்சருக்கு அரை அடி, முக்கால் அடி விட்டம் தாண்டினாலே திணறல்தான்.

புல்டோசர் தள்ளிய குவியல் இன்னும் அந்த ஓரத்தில்தான் கிடக்கிறது. மண் கலந்த பச்சைக் கட்டை என்பதால் கொளுத்தியும் சரியாக எரியவில்லை. மல்ச்சர் வந்தபோது அதையும் அரைத்துவிடச் சொன்னேன். ஆபரேட்டர் இறங்கி வந்து குவியலைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். மண்ணும் சரளையும் உதிர்ந்தன. “இதுல விட்டா பல்லெல்லாம் போயிரும் சார்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார்.