கொருக்குப்பேட்டை கேரம் வகுப்பு: அண்ணன் ஆட்டம் வேறு, கோச்சிங் வேறு

வட சென்னைக் கொருக்குப்பேட்டையில் ஒரு மாடி ஹாலில் நடக்கும் இந்தக் கேரம் வகுப்பில் பாதிப் பெற்றோர் பிள்ளையைக் கேரமுக்காகச் சேர்ப்பதில்லை, எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஆட்டக்காரருக்காகச் சேர்க்கிறார்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் தெரு டோர்னமென்ட் பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று சொல்லத் தேவையில்லை. முதல் ஸ்டிரைக் கைக்கு வந்தால் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் ஒரே மூச்சில் உள்ளே இறக்கி ஸ்லாம் போடுவார். எதிரில் உட்கார்ந்தவர் ஸ்டிரைக்கரைத் தொடாமலே எழுந்து போவார். அவர்தான் இப்போது கோச். கேரம் வீராங்கனை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. மாதம் 600 ரூபாய், வாரம் மூன்று நாள். பணத்துக்குக் குறை சொல்ல முடியாது.

குறை ஆரம்பப் பாடத்தில். அண்ணனுடையது கத்தரிப் பிடி. ஆள்காட்டி விரலை நடுவிரலுக்குப் பின்னால் மாட்டி, விடுபடும் வேகத்தில் அடிப்பது. சேருகிற எல்லோருக்கும் அதையே போடச் சொல்கிறார். எட்டு வயசுப் பிள்ளைக்கு விரல் எட்டாது. மாட்டி விடும்போது மணிக்கட்டும் சேர்ந்து திரும்ப, ஸ்டிரைக்கர் கோட்டை விட்டு ஒதுங்கும். அந்த வயசுக்கு நடுவிரல் நேர்ப் பிடி போதும். நகமும் சதையும் சேரும் ஓரம் ஸ்டிரைக்கரை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், தள்ளாமல் சுண்ட வேண்டும். இடைவெளி விட்டு அடித்தால் நகம் வலிக்கும், அடியும் கோணும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருபவர் கூட இருக்கும் உதவிக் கோச். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை.

காயினின் ஓரத்தில் அடித்துச் சாய்வாக அனுப்பும் கட் ஷாட்டிலும் அப்படித்தான். அண்ணன் கண்ணுக்கு அது தானாகத் தெரிவதால் “இங்க அடி, போயிடும்” என்பதோடு முடித்துவிடுவார். பிள்ளை ஸ்டிரைக்கரின் நடுவை, காயினில் படவேண்டிய புள்ளிக்கு நேராகக் குறிவைக்கும். அடி தடிப்பாக, அதாவது காயினின் நடுவுக்கு அருகில் விழும், காயின் பாக்கெட்டுக்குப் பக்கத்துக் கட்டையில் முட்டித் திரும்பும். ஸ்டிரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ., காயினுடையது 3.18 வரை. இரண்டும் தொடும்போது நடுவுக்கு நடு மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காததுதான் தப்பு. உதவிக் கோச் பாக்கெட்டிலிருந்து காயின் வழியாகக் கோடு பிடித்து, காயினுக்குப் பின்னால் இன்னொரு ஸ்டிரைக்கரை ஒட்டி வைக்கிறார். “உன் ஸ்டிரைக்கர் இங்க வந்து உக்காரணும்” என்று காட்டி, அதை எடுத்துவிட்டு அடிக்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு காயின் விழ ஆரம்பிக்கிறது.

அப்படியானால் அண்ணன் எதற்கு? போர்டின், அதாவது ஒரு சுற்று ஆட்டத்தின், கடைசி ஐந்து காயினுக்கு. அங்கே அவர் சொல்வதைக் கேட்கவே 600 ரூபாய் தரலாம். பழைய ரசிகர்களுக்கு வயிறு எரிவதும் அங்கேதான். சனிக்கிழமை பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் ஸ்லாம் போட்ட ஆளைத் தேடி வருகிறார்கள். அவரோ “அடிக்காத, மறை” என்கிறார், எதிராளியின் வழியை அடைத்து அவருக்குக் கிடைப்பதைக் குறைக்கச் சொல்கிறார். “இன்னாண்ணே, கெழவன் ஆட்டம் கத்துத் தர்ற?” என்ற பேச்சு சகஜம்.

கணக்கு அண்ணன் பக்கம். கேம் என்பது 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு. போர்டை முடித்தவருக்கு, எதிராளியின் மிச்சக் காயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட், ரெட் அவருடையதானால் இன்னும் 3. எதிராளி 14-ல் இருக்கிறார், உங்களுக்கு ஐந்து காயின் பாக்கி, ரெட் இன்னும் விழவில்லை, போர்டு எப்படியும் அவருக்குத்தான் என்று வையுங்கள். அவர் ரெட்டோடு முடித்தால் 8 சேர்ந்து 22. ரெட்டை நீங்கள் எடுத்து, அடுத்தே உங்கள் காயின் ஒன்றையும் இறக்கி கவர் போட்டுவிட்டால் உங்கள் காயினிலும் ஒன்று குறையும். அவருக்குக் கிடைப்பது 4, நிற்பது 18. 22-ல் நிற்பவருக்கு ரெட்டின் பாயிண்ட் கிடையாது, ஆனால் மூன்று காயின் போதும். 18-ல் நிற்பவருக்கு ரெட்டும் வேண்டும், மேலே நாலு காயினும் வேண்டும், ரெட் இல்லையென்றால் ஏழு காயின் வேண்டும். தோற்கிற போர்டிலிருந்து இப்படி நாலு பாயிண்ட் பிடுங்குவதைத்தான் கிழவன் ஆட்டம் என்கிறார்கள். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் மரடோனா அர்ஜென்டினா கோச்சாக நின்று ஜெர்மனியிடம் 0-4 வாங்கியபோது டிஃபென்ஸ் எங்கே என்று கத்தியதும் இதே மாதிரி ஆட்கள்தான்!

அம்பயர் மேட்சில் ஒரு ஸ்டிரோக்குக்கு 15 விநாடி. அதை வாட்சில் பார்த்து அண்ணனே பழக்குகிறார். தெருவில் கருப்பு 10, வெள்ளை 20, ரெட் 50 என்று பாயிண்ட் கேம் ஆடிப் பழகியவர்களுக்கு வெள்ளையைத் தேடி ஓடும் கை அடங்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

பெஞ்சு விவகாரத்தை அண்ணன் கண்டிக்க வேண்டும். பிள்ளை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நிழல் விழுகிறது, போர்டில் கை ஊன்றுகிறார்கள். பிடியை மாற்றலாமா என்று பெற்றோர் கேட்டால் “அண்ணனுக்கே சொல்லித் தர்றியா?” என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே நிற்கிறார்.

போர்டுகள் நல்லவை. ஓங்கி அடித்தால் ஸ்டிரைக்கர் போர்டுக்குக் குறுக்கே போய்த் திரும்பி மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும், வெயில் காலத்தில் ஓடுகிறது. ஐப்பசி மழையில் ஓடாது. கடல் காற்றின் ஈரத்தைப் பலகை இழுத்துக்கொள்கிறது. முன்பு மேலே தொங்கிய குண்டு பல்பின் சூடு அதை உலர்த்தியது. இப்போது மாட்டியிருக்கும் எல்.இ.டி.யில் வெளிச்சம் மட்டும்தான். வேகம் வரட்டும் என்று பிள்ளைகள் போரிக் பவுடரை அள்ளிக் கொட்ட, அது திரண்டு காயினை நிறுத்துகிறது. ஒரு சிட்டிகை தூவித் துணியால் தேய்த்தாலே போதும். எல்லோருக்கும் ஒரே உயர ஸ்டூல் என்பதால் சின்னப் பிள்ளையின் முழங்கை தோள் மட்டத்துக்கு ஏறிவிடுகிறது. வீட்டிலிருந்து ஒரு தலையணை கொடுத்தனுப்புங்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் வார நாள் பேட்ச் கேளுங்கள், உதவிக் கோச் போர்டிலேயே உட்கார வையுங்கள். நேர்க் காயினும் கட்டும் தயங்காமல் விழுந்த பிறகு அண்ணன் போர்டுக்கு மாற்றலாம். ஏற்கெனவே மாவட்ட அளவில் ஆடுகிற பிள்ளையானால் நேரே அவரிடமே விடுங்கள். ஸ்டிரைக்கர் அவரவருடையதுதான். 15 கிராமுக்கு மேல் இருந்தால் போட்டியில் ஏற்க மாட்டார்கள், கடைக்காரர் சொல்வதை நம்பாமல் எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.