கேம் பாயும் கேம் கியரும்: கருவியின் திறனா, ஆடுவோரின் கூட்டமா?

1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாயையும், அடுத்த ஆண்டு ஜப்பானில் சேகா கொண்டுவந்த கேம் கியரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வன்பொருளில் எது மேலானது என்பதில் ஐயமே எழாது. கேம் கியரின் திரை வண்ணத்தில் ஒளிர்ந்தது. 4,096 நிறங்களிலிருந்து 32 நிறங்களை ஒரே நேரத்தில் காட்டியது. கேம் பாயிலோ பாசிப்பச்சைத் திரையும் நான்கு சாயல்களும் மட்டுமே. மங்கிய வெளிச்சத்தில் டெட்ரிஸ் ஆடுபவர், விழும் கட்டைகளைக் காண்பதற்குக் கருவியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஒளிரும் திரை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிட்டது. கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பயணத்திலும் இடைவேளையிலும் ஆடுபவருக்கு எது முதன்மையானது என்பதை, கேம் பாயை உருவாக்கிய குழுவை வழிநடத்திய குன்பெய் யோகோய் சரியாகவே கணித்திருந்தார். திறனைக் குறைத்ததே அங்கு ஆடுவோரைப் பெருக்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு, கற்பனை உயிரிகளைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் விளையாட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. அது 1996-இல் ஜப்பானில் வெளிவந்தபோது கேம் பாய் ஏழு ஆண்டுப் பழைய கருவி. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீட்டுக் கருவிகளோ முப்பரிமாணத்துக்கு மாறிவிட்டிருந்தன. சிவப்புப் பதிப்பில் கிடைக்காத உயிரியைப் பச்சைப் பதிப்பு வைத்திருக்கும் நண்பனிடமிருந்து கேபிள் வழியே மாற்றிக்கொள்வதுதான் அதன் உயிர்நாடி என்பதால், கோடிக்கணக்கான கைகளில் ஏற்கெனவே இருந்த கருவியில்தான் அது தழைத்திருக்க முடியும். கேம் கியருக்கும் இணைப்புக் கேபிள் இருந்தது; மறுமுனையைச் செருகிக்கொள்ள அத்தனை பேர் இல்லை.