காற்றாலை டெக்னீஷியன் பயிற்சி, ஆரல்வாய்மொழி: பணம் கட்டுமுன்

2017-இல் மூடப்பட்ட எண்ணூர் போன்ற அனல் மின் நிலையங்களில் ஃபிட்டராக இருந்தவர்கள் முப்பந்தல் காற்றாலை வேலைக்கு மாற நினைத்தால், இந்தக் குறுகிய காலப் பயிற்சி பாதிக் கிணறு தாண்ட வைக்கும்.

உயரத்தில் வேலை செய்யும் வகுப்பு அருமை. ஹார்னஸின் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையணும், முஷ்டி நுழையக் கூடாது என்று ஒவ்வொருவரையும் சோதித்துதான் ஏணிக்கு விடுகிறார்கள். ஃபால் அரெஸ்டரின் (ஏறுபவர் தவறி விழுந்தால் பிடித்து நிறுத்தும் கருவி) அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும்; தலைகீழாக மாட்டினால் விழும்போது பிடிக்காது. போல்ட் முறுக்குவதும் அப்படியே: எதிரெதிராக, கட்டம் கட்டமாக. மரையில் மசகு இல்லாவிட்டால் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) சொன்ன அளவைக் காட்டும், போல்ட் மட்டும் இறுகியிருக்காது.

குறை, கன்வெர்ட்டரும் (மின்சாரத்தை கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) பிட்ச் கன்ட்ரோலும் (இறக்கையின் கோணத்தைத் திருப்பும் அமைப்பு) படத்தோடு முடிகின்றன. பேரிங், அலைன்மென்ட் தெரிந்த அனல்மின் ஆட்களுக்குத் தேவையே இந்த இரண்டும்தான். இந்தக் கட்டணத்துக்கு ஒரு பழைய கன்ட்ரோல் பேனலாவது வாங்கி வைக்கலாம்.

தருவது ஜிடபிள்யூஓ (காற்றாலைப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் உலக அமைப்பு) சான்றிதழா, சொந்தச் சான்றிதழா என்று முதலில் கேளுங்கள். ஜிடபிள்யூஓ அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி 24 மாதம் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். மே மாதம் காற்று சீசன் தொடங்குமுன் பராமரிப்பு வேலை குவியும், ஜனவரியிலேயே சேர்ந்துவிடுங்கள்.